ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் பினாங்கு டாக்டருக்கு

வணக்கம் டாக்டர்,

பினாங்கில் அரசு பல் கிளினிக்கில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பல் குழுவோடு. அடுத்த வருடம் கல்யாணம். அவர் இருப்பது நியூஜெர்சியில். அங்கே போய்ப் பிள்ளைகள் பல் மருத்துவத்தில் ரெசிடென்சி (நிபுணர் பயிற்சி) செய்ய ஆசை. திரும்பவும் டிடிஎஸ் (அமெரிக்கப் பல் மருத்துவப் பட்டம்) படிக்காமல் நேரே விண்ணப்பிக்க முடியுமா? என்னிடம் ஆராய்ச்சி எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பல் பார்த்ததுதான் அனுபவம். நேர்முகத்தில் இதை எப்படிச் சமாளிப்பது? பெர்சனல் ஸ்டேட்மென்டின் முதல் வரைவை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்
பட்டர்வொர்த்

அன்புள்ள டாக்டர்,

முடியும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர்களைச் சில புரோகிராம்கள் எடுக்கும், சில தொடவே தொடாது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது லைசென்ஸ். ரெசிடென்சி முடித்தால் லைசென்ஸ் தானாக வந்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் நிறைய. அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியைச் சில மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும். மற்றவை அமெரிக்க அல்லது கனடியப் பல் மருத்துவப் பட்டமே வேண்டும் என்று நிற்கும். உங்களவருக்கு வேலை நியூஜெர்சியில்தான் என்றால், புரோகிராம் பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்த மாநில டென்டல் போர்டின் விதிகளைப் படியுங்கள். நீங்கள் வாழப்போகும் மாநிலம் பட்டம் கேட்டால், வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான காபிட் என்கிற தளம் வழியாக விண்ணப்பித்து இரண்டு மூன்று வருடத்தில் டிடிஎஸ் வாங்கும் பாதையைக் கசந்தாலும் யோசித்தே ஆக வேண்டும். என்றாவது ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவுக்கு அந்தத் தகுதி செல்லுமா என்பதையும் இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள்.

ரெசிடென்சிக்கான விண்ணப்பம் 'பாஸ்' என்கிற பொதுத் தளத்தில், மே மாத நடுவில் திறக்கும். கடைசித் தேதி புரோகிராமுக்குப் புரோகிராம் வேறு. காலத்தைத் தின்பது விண்ணப்பம் அல்ல, பட்ட மதிப்பீடு. உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே ஈசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கடிதம் எத்தனை நாள் தூங்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஜனவரியில் ஆரம்பியுங்கள். ஐஎன்பிடிஇ என்கிற அமெரிக்கத் தேசியப் பல் மருத்துவத் தேர்வு எழுதவும் அதே மதிப்பீடு தேவைப்படும். ஒன்றரை நாள், 500 கேள்விகள், முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது என்பதால்தான் சில புரோகிராம்கள் மதிப்பெண் தரும் அடாட் தேர்வைக் கேட்கின்றன. நீங்கள் குறிவைக்கும் இடங்கள் கேட்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாஸ் வேறு, மேட்ச் வேறு. விண்ணப்பதாரர், புரோகிராம் இரு தரப்பின் வரிசைப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் ஏற்பாடுதான் மேட்ச். பாஸில் விண்ணப்பம் போட்டவுடன் மேட்சிலும் பெயர் ஏறிவிடாது. தனியாகப் பதிந்து தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். என்டோ (வேர் சிகிச்சைத் துறை) மேட்சில் இல்லை. பிள்ளைகள் பல் மருத்துவம் இருக்கிறது, இரண்டாம் கட்டத்தில்.

சிபாரிசுக் கடிதம் எழுதுபவரிடம் 'எழுதிக் கொடுங்கள் டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்தால், 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்ற இரண்டு வரிதான் கிடைக்கும். நீங்கள் ஜிஏவில் (முழு மயக்கத்தில் செய்யும் சிகிச்சையில்) உதவிய நாட்கள், பால்பல்லுக்குப் போட்ட ஸ்டீல் கிரௌன்கள், அவர் கண்ணெதிரே நீங்கள் கையாண்ட சிக்கலான ஒரு கேஸ், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பாஸ் அனுப்பும் லிங்க் ஸ்பேமில் விழும். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து கேட்பதில் தப்பில்லை.

இனி ஸ்டேட்மென்ட். 'சிறு வயதிலிருந்தே எனக்குப் பிள்ளைகள் என்றால் உயிர்' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். விண்ணப்பக் குவியலில் பாதிப் பேர் அதையே எழுதியிருப்பார்கள். முதல் பத்தி முழுவதையும் வெட்டுங்கள். உங்கள் சரக்கு நான்காவது பத்தியில் கிடக்கிறது: பாலர் பள்ளியில் பார்த்த நான்கு வயதுப் பையன், மேல் முன்பற்கள் நான்கும் ஈறுவரை கரைந்திருக்க, கீழ் முன்பற்கள் வெள்ளையாக நின்றன. பாட்டிலில் டின் பால் குடித்தபடியே தூங்குகிற பிள்ளை. நாக்கு மூடிக்கொள்வதாலும் எச்சில் அங்கே ஊறுவதாலும் கீழ்ப்பற்கள் தப்பித்தன என்பதை அவன் பாட்டிக்கு எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள், அடுத்த தடவை பாட்டில் என்ன ஆயிற்று? இதை எழுதுங்கள். ஆரம்பம் இதுதான்.

பள்ளிக்கூட வேலையைச் 'சமாளிக்க' வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பினாங்கில் 1949-இலிருந்து பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி நடக்கிறது. நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அமெரிக்காவில் அதே மாதிரி வேலை செய்யும் டென்டல் தெரபிஸ்ட் என்பவர் சில மாநிலங்களில் மட்டுமே வேலை செய்ய முடியும். அதனால் தெரபிஸ்ட் எதை முடிப்பார், எது உங்களிடம் வரும், யாரை ஜிஏ பட்டியலுக்கு அனுப்புவீர்கள் என்று நான்கு வரியில் விளக்காவிட்டால் நேர்முகத் தேர்வுக் குழுவுக்குப் புரியாது. விளக்கினால் காது கொடுத்துக் கேட்பார்கள். குழாய்த் தண்ணீர்க் கணக்கும் கையில் இருக்கட்டும்: நம் ஃபுளோரைடு அளவு 2005-இல் 0.7-இலிருந்து 0.5 பிபிஎம்முக்கு இறங்கியது. அமெரிக்கா 2015-இல் பரிந்துரைத்தது 0.7.

நேர்முகத்தில் கணக்கும் வரலாம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2% லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து) எத்தனை கார்ட்ரிட்ஜ் போடலாம்? அங்குள்ள வழிகாட்டியில் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். ஆக மொத்தம் 66. அங்கே புழங்கும் 1.7 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பது 34 மில்லிகிராம், எனவே இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 2.2 மில்லி கார்ட்ரிட்ஜில் பழகிய கை 'ஒன்றரை' என்று சொல்லிவிடும். அதுவும் சரிதான், ஆனால் அதில் 44 இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் தப்பாகக் கேட்கும்.

'தோற்றுப்போன ஒரு கேஸ் சொல்லுங்கள்' என்பார்கள். 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று சொன்னீர்களோ, கதை அங்கேயே முடிந்தது. பல்பாட்டமி (பல்லின் மேற்பகுதிக் கூழை மட்டும் எடுக்கும் சிகிச்சை) தோற்றதைச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: ஈரப் பஞ்சு வைத்து ஐந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, வேரிலுள்ள கூழும் வீங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி, அதை மீறி மருந்து வைத்துக் கிரௌன் போட்டேன், ஆறு மாதத்தில் எக்ஸ்ரேயில் வேர்கள் பிரியும் இடத்தில் கறுப்பு விழுந்தது, இப்போது ரத்தம் நிற்காவிட்டால் கூழை முழுதாக எடுக்கிறேன் அல்லது பல்லைப் பிடுங்குகிறேன். ஆனால் உங்களுக்கு உண்மையில் நடந்த கேஸைச் சொல்லுங்கள். அடுத்தடுத்த கேள்வியில் கடன் வாங்கிய கேஸ் பிடிபட்டுவிடும்.

நீங்களும் கேட்க வேண்டும். ஒரு ரெசிடென்ட் எத்தனை ஜிஏ கேஸ் செய்கிறார், முழு மயக்கமில்லாத லேசான மயக்க மருந்தில் எத்தனை, சம்பளம் உண்டா அல்லது நாம் கட்டணம் கட்ட வேண்டுமா, முன்பு சேர்ந்த வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு எந்த மாநிலத்தில் லைசென்ஸ் கிடைத்தது. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகம் ஜூமில் என்றால் கடிகாரத்தைக் கவனியுங்கள். அக்டோபரில் நியூயார்க்கில் காலை 9 என்றால் பினாங்கில் இரவு 9. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு அதே 9 மணி நமக்கு இரவு 10.

மேட்சுக்குக் கொடுக்கும் வரிசைப் பட்டியலில் நிஜமாகப் பிடித்ததை முதலில் போடுங்கள். 'அவர்கள் என்னை எடுப்பார்களா' என்று கணக்குப் போட்டு இரண்டாவதை மேலே தூக்காதீர்கள். மேட்ச் கணினி உங்கள் முதல் விருப்பத்திலிருந்துதான் தொடங்கும், மேலே குறி வைத்ததால் கீழுள்ள வாய்ப்பு குறையாது. போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மேட்ச் விழுந்தால் போயே ஆக வேண்டும்.

அந்தப் பையனோடு தொடங்கும் வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.