கேள்வி நேரம்: செயலியைத் தாளில் தொடங்கலாமா?

கேள்வி: மாசி வீதியில் எங்கள் குடும்பத்தார் நடத்தும் சுங்குடிச் சேலைக் கடைக்குக் கைப்பேசிச் செயலி ஒன்றை வடிவமைக்க விரும்புகிறேன். முதலில் வயர்ஃப்ரேம் பழகச் சொல்கிறார்கள். எனக்கு ஓவியம் வராது. எந்த மென்பொருளில் தொடங்குவது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: மென்பொருளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், தாளும் பென்சிலும் போதும். ஒரு திரையில் எவையெவை இடம்பெறும், எதைத் தொட்டால் எந்தத் திரை வரும் என்பதை நிறமும் அலங்காரமும் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளும் கோட்டுப்படம்தான் வயர்ஃப்ரேம். படம் வரும் இடத்துக்குக் குறுக்குக் கோடிட்ட பெட்டி, பட்டனுக்குச் சிறு செவ்வகம். இதற்கு ஓவியத் திறமை தேவையில்லை.

வரைவதற்கு முன் சில நாள்கள் கடையில் நின்று, வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாயம் போகுமா, முந்தானை எப்படி இருக்கும், இதே புட்டா வேறு நிறத்தில் உண்டா என்று கடையில் கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள்; செயலியிலோ அந்தப் பதில் சேலைப் படத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டுமா, அடுத்த திரைக்குப் போகலாமா என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வயர்ஃப்ரேமின் பெரும்பகுதி உழைப்பு இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசியைத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, அந்த உண்மையான அளவுக்குள்ளேயே வரையுங்கள். விரலால் தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையளவு அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அதை அளவுகோலாலேயே சரிபார்க்கலாம். போலிச் சொற்களை நிரப்பாமல், திரையில் வரப்போகும் தமிழையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் அடங்கும் பட்டனுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் போவது அடிக்கடி நேர்வது. மேலும் கீழும் சுழியும் கொம்பும் நீளும் நம் எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

பிறகு தாள்களை ஒருவரிடம் கொடுத்து, "ஒரு சேலை வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தொடும் இடத்துக்கேற்ப நீங்கள் அடுத்த தாளை எடுத்து வையுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

அவற்றைத் திருத்திய பின் ஃபிக்மாவின் இலவசக் கணக்கிலோ, திறமூல மென்பொருளான பென்பாட்டிலோ வரையலாம். அங்கும் சாம்பல் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணம் வந்துவிட்டால் வீட்டார் அனைவரும் வண்ணத்தைப் பற்றியே பேசுவார்கள். முகவரிப் படிவம் நீளமாக இருப்பதை எவரும் சொல்ல மாட்டார்கள்.