பாதுகாப்புச் சிப்புக்கு அப்டேட்: கேட்டவையும் சொன்னவையும்

அடையாள அட்டை, மடிக்கணினி, பூட்டு, மீட்டர் எனப் பலவற்றுக்குள்ளும் ரகசியச் சாவிகளைப் பத்திரப்படுத்த ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அதன் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) ஆபத்தில்லாமல் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கல்லூரி மாணவர்: அண்ணா, இந்தச் சிப்கள் கடுமையான சோதனை தாண்டி, சான்றிதழ் வாங்கியவைதானே? அப்புறம் எதற்கு அப்டேட்?

சான்றிதழ் வாங்கிய சிப்பிலும் பிழை இருக்கும், தம்பி. 2017 அக்டோபரில் வெளிவந்த ‘ரோகா’ விவகாரத்தைப் பார். இன்ஃபினியான் சிப்களில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்கான சாவியை உருவாக்கும் நிரலில், அதற்கு வேண்டிய பகா எண்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். அதனால் அந்த எண்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட அமைப்பிலேயே வந்தன. செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். சிப்பைத் தொடவே வேண்டாம். ரகசியச் சாவிக்கு ஜோடியாக வெளியில் கொடுக்கும் பொதுச் சாவியைப் பார்த்தாலே அது இந்த நிரல் உருவாக்கியது என்று தெரிந்துவிடும். போதிய கணினி வலுவும் பணமும் இருந்தால், புழக்கத்தில் இருந்த சில நீளச் சாவிகளுக்கு ரகசியச் சாவியையும் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

எஸ்தோனியாவில் ஏறத்தாழ 7.5 லட்சம் அடையாள அட்டைகள் மாட்டிக்கொண்டன. நவம்பர் 3 அன்று அட்டைகளின் டிஜிட்டல் சான்றிதழ்களை (சாவி இன்னாருடையது என்று உறுதி சொல்பவை) முடக்கினார்கள். மக்கள் இணையம் வழியாகவோ சேவை மையத்துக்குப் போயோ அட்டையைப் புதுப்பித்து, ஆர்எஸ்ஏவை விட்டு எலிப்டிக் கர்வ் என்ற வேறு முறைச் சாவிக்கு மாறினார்கள்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. புது ஃபர்ம்வேர் போட்டால் இனி உருவாகும் சாவிகள்தான் நல்லவை. பழைய நிரல் உருவாக்கிய சாவி அதே பலவீனத்தோடு உள்ளேயே இருக்கும். அதை அழித்து, புதிதாக உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி, பழைய சான்றிதழை ரத்து செய்தால்தான் வேலை முடியும். திரையில் ‘அப்டேட் வெற்றி’ என்று வந்ததும் எழுந்து போய்விடாதே.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்: சார், டிபிஎம் (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்) ஃபர்ம்வேரை மாற்றினால், வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்குமா?

நிற்க வாய்ப்பு அதிகம். முதலில் ஒவ்வொரு கணினியின் மீட்பு எண்ணும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் இருக்கும் என்று நம்பிப் போகாமல், திறந்து பார்த்துவிடுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, சார்ஜரை மாட்டி, அப்டேட்டைப் போட்டு, மறுபடி இயக்குங்கள். ரோகா நேரத்தில் அப்டேட்டுக்குப் பின் டிபிஎம்மையே காலி செய்ய வேண்டியிருந்தது. உள்ளே விபிஎன் சான்றிதழ் போல வேறு ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். பட்டியல் எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கருவி தயாரிக்கும் சிறு நிறுவனத்துக்காரர்: நாங்கள் ஃபர்ம்வேரை ஏஇஎஸ் குறியாக்கத்தில் பூட்டித்தான் அனுப்புகிறோம். எல்லாக் கருவியிலும் ஒரே சாவி. போதாதா?

போதாது. 2016ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம், கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் ஏன் போதாது என்பதை பிலிப்ஸ் ஹ்யூ ஸ்மார்ட் பல்பில் செய்து காட்டினார்கள். பல்பின் சிப் மின்சாரம் இழுக்கும் விதத்தை அளந்தே அந்தப் பொதுவான சாவியை எடுத்துவிட்டார்கள். அது கிடைத்ததும், பல்ப் நம்பி ஏற்கும் போலி அப்டேட்டை அவர்களே தயாரிக்க முடிந்தது. ஒன்றை உடைத்தால் அந்த வகை பல்ப் எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடுகிறது.

கருவிக்குள் பொதுச் சாவி மட்டும் இருக்கட்டும். அதைக் கொண்டு ஃபர்ம்வேரில் நீங்கள் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகக் கையொப்பம் போட முடியாது. கையொப்பமிடும் சாவி உங்களிடம், அதற்கென்றே உள்ள வன்பொருள் பெட்டியில் இருக்கட்டும். இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் அது இயங்கக் கூடாது. ஃபர்ம்வேரைத் தொகுக்கும் பில்ட் சர்வரில் அது ஒரு கோப்பாகக் கிடக்கிறது என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறியாளர்: பாதியில் கரண்ட் போனால்?

நினைவகத்தில் இடம் இருந்தால் ஃபர்ம்வேருக்கு இரண்டு பகுதி வையுங்கள். பழையது ஓடிக்கொண்டிருக்க, புதியது பக்கத்தில் இறங்கும். கையொப்பம் சரியென்றால்தான் மாறும். இந்தச் சிப்களில் நினைவகம் கொஞ்சம்தான், பல நேரம் இரண்டுக்கு இடமிருக்காது. அப்போது யாரும் மாற்ற முடியாத ஒரு சிறு லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் நிரல்) ரோமில், அதாவது அழிக்க முடியாத நினைவகத்தில், இருந்தாக வேண்டும். பாதியில் நின்ற சிப் விழித்ததும், ‘முழு அப்டேட்டைக் கொடு’ என்று மட்டும் கேட்டு நிற்கும், வேறு எந்தக் கட்டளையையும் ஏற்காது.

புது ஃபர்ம்வேர் ‘நான் நலம்’ என்று தன்னைத்தானே உறுதி செய்துகொள்ளும் இடத்தைக் கவனமாக எழுதுங்கள். பூட் ஆனதுமே உறுதி செய்துவிட்டால், வைஃபை வேலை செய்யாத ஃபர்ம்வேரும் நிரந்தரமாகிவிடும். அதன் பிறகு அதைத் திருத்த உங்களுக்கு வழியே இராது. சர்வரோடு பேசி, அடுத்த அப்டேட்டை இறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே உறுதி செய்யட்டும். இல்லையென்றால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் பழையதற்கே திருப்பட்டும்.

இன்னொன்று: 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற ஸ்மார்ட் பூட்டு நிறுவனம் ஒரு மாடலின் ஃபர்ம்வேரை வேறு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்து, கழற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. எந்த மாடலுக்கு என்ற விவரமும் கையொப்பத்துக்குள் வர வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பு ஃபர்ம்வேர் அப்டேட் பற்றி வெளியிட்ட ஆர்எஃப்சி 9019, 9124 ஆவணங்கள் இரண்டையும் படித்துவிடுங்கள். நீங்களாக ஒரு முறையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

அதே பொறியாளர்: பழைய பதிப்புக்குப் போக முடியாமல் பூட்டச் சொல்கிறார்கள். புதியதில் கோளாறு வந்தால் என்ன செய்வது?

வெளியீட்டு எண்ணையும் பாதுகாப்பு எண்ணையும் பிரித்து வையுங்கள். பாதுகாப்பு எண் குறைந்த பதிப்பை மட்டும் சிப் மறுக்கட்டும். ஓட்டை அடைக்கும் வெளியீட்டில் மட்டும் பாதுகாப்பு எண்ணைக் கூட்டுங்கள், அதுவும் புதியது நலம் என்று உறுதியான பிறகு. அந்த எண்ணைக் குறித்து வைக்கச் சிப்புக்குள் எரிக்கும் ஃப்யூஸை எரித்தால் எரித்ததுதான், அவற்றின் எண்ணிக்கையும் குறைவு.

வாசகர்: யூபிகீயில் (லாகின் செய்யக் கணினியில் செருகும் குட்டிப் பாதுகாப்புக் கருவி) அப்டேட்டே கிடையாதாமே?

வேண்டுமென்றே அப்படி. அப்டேட் வழி இல்லையென்றால் அந்த வழியாக யாரும் நுழையவும் முடியாது. ரோகாவின்போது பாதிக்கப்பட்ட யூபிகீகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2024ல் ‘யூக்லீக்’ பிழை வந்தபோது, 5.7க்கு முந்தைய ஃபர்ம்வேர் கொண்ட யூபிகீ 5 கருவிகளுக்குத் திருத்தம் கிடையாது. ஆனால் உள்ளிருக்கும் ரகசியச் சாவியை எடுக்கும் அந்தத் தாக்குதலுக்கு யூபிகீயே கையில் கிடைக்க வேண்டும், விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். சட்டைப்பையில் வைக்கும் பொருளுக்கு இந்த முடிவு சரி என்பேன். சுவரில் பல ஆண்டு தொங்கப்போகும் மீட்டருக்குச் சரிவராது.

சிறு நிறுவனத்துக்காரர்: கையொப்பமிடும் சாவியே களவு போனால்?

தொழிற்சாலையிலேயே இரண்டு மூன்று பொதுச் சாவிகளைப் பதித்து, ஒன்றை ரத்து செய்யும் வசதியும் வைத்திருந்தால் அடுத்த சாவிக்கு மாறலாம். மாற்றுச் சாவிகளை வேறு இடத்தில், வேறு ஆட்களிடம் வையுங்கள். ஒரே ஒரு பொதுச் சாவியை ரோமில் எரித்து அனுப்பியிருந்தால், கருவிகளைத் திரும்பப் பெறுவதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை.