மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் விமானப் பயணம்: கை வீங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. மதுரையில் வசிக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது தமாக்சிஃபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். கையில் இதுவரை வீக்கம் இல்லை. டொராண்டோவில் இருக்கும் என் மகளுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போய், பிரசவம் பார்த்து, ஆறு மாதம் இருந்துவிட்டு வர நினைத்தேன். ஆனால், “விமானத்தில் போனால் கை யானைக்கால் மாதிரி வீங்கிவிடும்” என்று என்னைப் போலவே சிகிச்சை பெற்ற ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகள் இணையத்தில் ஒரு கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை அழுத்திப் பிடிக்கும் உறை) வாங்கி அனுப்பியிருக்கிறாள். அது மேற்கையில் இறுக்கிப் பிடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு போகலாமா, அல்லது பயணத்தையே விட்டுவிடலாமா? வளைகாப்பன்று இடது கையில் வளையல் போடலாமா?

பதில்: பயணத்தை விட வேண்டாம், அம்மா. உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் நேரில் பார்த்துச் சம்மதித்தால் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் மகள் அனுப்பிய அந்த உறையை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிட்டால் உங்கள் தூக்கமும் திரும்பிவிடும் என்று நம்புகிறேன்.

நம் உடலின் திசுக்களில் ஓயாமல் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய குழாய்களின் வழியே ஓடுவதுதான் நிணநீர். கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில் இருக்கும் கணுக்களை, அதாவது நீங்கள் நெறிக்கட்டிகள் என்று சொன்னவற்றை, கடந்துதான் போக வேண்டும். அந்தக் கணுக்களை எடுத்துவிட்டால், அல்லது அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்துவிட்டால், பாதை குறுகிவிடுகிறது. பெரும்பாலானவர்களில் அருகிலுள்ள சிறு பாதைகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. சிலரில் அவற்றால் முடியாமல் போய், நீர் தேங்கி, கை கனக்கத் தொடங்குகிறது. யானைக்கால் நோயில் கொசு கடிப்பதால் உடலுக்குள் நுழையும் புழுக்கள் இதே குழாய்களைக் கெடுக்கின்றன என்பதால்தான் உங்களிடம் பேசியவருக்கு அந்த ஒப்புமை தோன்றியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு அந்தப் புழுவும் இல்லை, பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட வீக்கமும் இல்லை. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்படும் கைவீக்கம் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும்.

முதலில் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, எத்தனை கணுக்கள் அகற்றப்பட்டன என்று பாருங்கள். முதன்மையான ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கும், அக்குள் கணுக்களை மொத்தமாக அகற்றியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பேருக்கும் கைவீக்கம் வருகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. வீக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய காலத்தில்தான் இருக்கிறீர்கள். அந்தக் கவனத்தை எந்த இடத்தில் செலுத்துவது என்பதுதான் கேள்வி.

விமானத்தைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஏற்கனவே வீக்கம் வந்தவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டபோது, சிலர் தங்களுக்கு அது விமானப் பயணத்தில் தொடங்கியதாகச் சொன்னார்கள். பறக்கும்போது காற்றழுத்தம் குறைவதால் திசுக்களில் நீர் கூடுதலாகக் கசியக்கூடும் என்ற விளக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆனால் விமானம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரிய அளவில் வைக்கப்படுகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம். மதுரைக்காரரான நீங்கள் அங்கே எத்தனை முறை போயிருப்பீர்கள்! காற்றழுத்தத்தை மட்டும் பார்த்தால், நீங்கள் போகப்போவது கொடைக்கானலுக்குத்தான்.

பின்னர், கையை முறையாக அளந்து பார்த்த ஆய்வுகள் வந்தபோது நிலைமை வேறாகத் தெரிந்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் குழுவாகத் துடுப்புப் போடும் டிராகன் படகுப் போட்டி ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது. அதற்காகக் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பறந்து வந்த 72 பெண்களின் கைகளில் இருந்த நீரின் அளவைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு எந்தப் பாதகமான மாற்றமும் இல்லை என்று 2010-இல் வெளியிட்டார்கள். அடுத்து 2016-இல், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், 632 பெண்களிடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, விமானப் பயணத்துக்கும் கை பெரிதாவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று கூறினார்கள். அந்தக் கையில் ரத்தம் எடுப்பதற்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும்கூடத் தொடர்பு காணப்படவில்லை. (இருந்தாலும், மறு கை நன்றாக இருக்கும்போது அதையே நீட்டுங்கள், அதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.) தொடர்பு காணப்பட்டவை நான்கு: அக்குள் கணுக்களை மொத்தமாக அகற்றியது, கணுக்கள் இருக்கும் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தது, உடல் எடை கூடுதலாக இருப்பது, தோலுக்கடியில் கிருமி பரவும் செல்லுலைட்டிஸ் வந்தது.

முதல் இரண்டும் நடந்து முடிந்தவை. பின் இரண்டும் இன்னும் நம் கையில் இருப்பவை. ஆகவே விமானத்தில் கழியும் பதினெட்டு மணி நேரத்தைவிட, மகள் வீட்டு அடுப்படியில் நீங்கள் கழிக்கப்போகும் ஆறு மாதத்தைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். அதற்கு வருகிறேன்.

இப்போது அந்த உறை. அழுத்த உறை என்பது கண்ணாடி மாதிரி. ஒருவருக்கு அளந்து செய்தது அடுத்தவருக்கு ஆகாது. மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை என்று பல இடங்களில் சுற்றளவு எடுத்து, மணிக்கட்டில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது மேற்கையில் இறுக்குகிறது என்றால் அது தலைகீழாக வேலை செய்கிறது. கீழிருந்து மேலே போக வேண்டிய நீரை வாசலில் நிறுத்திவைக்கிறது. நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கும்போது அதன் மேல் விளிம்பு சுருண்டு, கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். எத்தனையோ பேரின் மேற்கையில் அந்தச் சிவந்த வளையத் தடத்தை நான் பார்த்திருக்கிறேன். பொருந்தாத உறையைப் போடுவதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது மேல்.

ஏற்கனவே வீக்கம் இருந்து தினமும் உறை அணிகிறவர்கள் பயணத்திலும் அதை அணியத்தான் வேண்டும். உங்களைப் போல வீக்கமே இல்லாதவர்கள் எல்லோரும் முன்னெச்சரிக்கையாக அணிந்தாக வேண்டும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. உங்களுக்குக் கணுக்கள் மொத்தமாக அகற்றப்பட்டுக் கதிர்வீச்சும் தரப்பட்டிருந்தால், மருத்துவரும் நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டும் பார்த்துவிட்டு, அணியலாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அவர்களிடமே அளவெடுத்து வாங்குங்கள். புறங்கைக்கும் சேர்த்து உறை வேண்டுமா என்று கேளுங்கள். சிலருக்குக் கையில் மட்டும் உறை போட்டால் நீர் விரல்களில் இறங்கிவிடும். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே வீட்டில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு, அளவெடுத்தவரிடம் திரும்பப் போங்கள். முதன்முறையாக விமானத்தில் ஏறிய பிறகு உறையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

பயண நாளன்று இறுக்கமான கை வைத்த ரவிக்கை வேண்டாம். நம் ஊர் ரவிக்கையின் கை விளிம்பு எவ்வளவு ஆழமாகத் தடம் பதிக்கிறது என்பதை மாலையில் அதைக் கழற்றும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். பொருந்தாத உறை செய்யும் அதே வேலையை அதுவும் செய்கிறது. தளர்வான சுடிதார் போதும். மோதிரம், கடிகாரம், கைப்பை எல்லாம் வலது பக்கத்துக்கு மாறட்டும். இருக்கையை முன்பதிவு செய்யும்போது நடைபாதை ஓர இருக்கையாக, அதிலும் நடைபாதை உங்களுக்கு வலப்பக்கம் வரும் இருக்கையாகக் கேளுங்கள். உணவு வண்டி இடது கையில் இடிக்காது. அடிக்கடி எழுந்து நடக்கவும் முடியும். செயற்கை மார்பு அணிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் கூச்சப்படாமல் பெண் காவலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் விமான நிலையங்களில் பெண்களுக்குத் திரை மறைவில்தான் சோதனை நடக்கும். மருத்துவர் கடிதம் ஒன்று கைப்பையில் இருப்பது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெட்டி தூக்கவும் வழி காட்டவும் அந்த உதவி இருக்கட்டும். ஆனால் நடக்க முடிந்த இடங்களில் நடந்துவிடுங்கள். துபாய் வழியாகப் போனால் அங்கிருந்து டொராண்டோவுக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் ஒரே இருக்கையில் இருக்க வேண்டும். அதில் கையைவிடக் காலுக்கு ஆபத்து அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் கூறியது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் தமாக்சிஃபென் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் மாத்திரை. கைவீக்கத்தை நினைத்து நீங்கள் அஞ்சிக்கொண்டிருக்கையில் இதை யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது, “காலுக்கு அழுத்தம் தரும் ஸ்டாக்கிங் வேண்டுமா, வேறு ஏதும் மருந்து வேண்டுமா” என்று கட்டாயம் கேளுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறித் தூக்குங்கள். அதே நேரத்தில் விரல்களை மடக்கி விரித்து, முழங்கையை மடக்கி நீட்டி, தோள்களைச் சுழற்றி, வயிறு எழும்ப நான்கைந்து முறை ஆழமாக மூச்சு விடுங்கள். நிணநீருக்கு இதயம் போன்ற தனி இயந்திரம் கிடையாது. தசை அசைவதும் மூச்சு விடுவதும் அதைத் தள்ளிக்கொண்டு போக உதவுகின்றன. ஒரு கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, அங்கே உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பெட்டியை இடது கையால் தூக்கவே கூடாதா என்றும் உங்களுக்குச் சந்தேகம் வரும். ஏற்கனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. பழக்கமில்லாத கை, இருபத்து மூன்று கிலோ பெட்டியைத் திடீரென்று இழுப்பதுதான் தவறு. புறப்பட இன்னும் நாட்கள் இருந்தால், பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். பிறக்கப்போகும் குழந்தையைத் தூக்கவும் அந்தக் கை வேண்டுமல்லவா?

இனி அடுப்படி. டொராண்டோவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் தோல் வறண்டு வெடிக்கும். அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். ஒவ்வொரு முறை கை கழுவிய பின்னும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். பாத்திரம் கழுவும்போது கையுறை, ஓவனில் கை விடும்போது தடித்த நீண்ட உறை. காய் நறுக்கும்போது கத்தி வலது கையில் இருந்தாலும் வெட்டுப்படுவது இடது கைதான் என்பதை நினைவில் வையுங்கள். கீறல் விழுந்தால் சோப்பு போட்டுக் கழுவி, கிருமிநாசினி களிம்பு தடவி மூடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது செல்லுலைட்டிஸ். அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். கனடாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடைக்காது. சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடும் இல்லை. ஆகவே உங்கள் மருத்துவர் பொருத்தமென்று கருதினால் ஒரு முறைக்கான மாத்திரையைச் சீட்டோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது புற்றுநோய்ச் சிகிச்சையை மறைக்காதீர்கள். மறைத்தால், தேவைப்படும் நாளில் பணம் தர மறுத்துவிடுவார்கள்.

ஒரு தையல் டேப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முழங்கைக்கு மேல் பத்து சென்டிமீட்டர், கீழே பத்து சென்டிமீட்டர், மணிக்கட்டு ஆகிய மூன்று இடங்களில் இரண்டு கைகளையும் அளந்து, புறப்படும் முன் ஒரு தாளில் குறித்துவையுங்கள். போய்ச் சேர்ந்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், பிறகு மாதம் ஒருமுறையும் அளவெடுங்கள். ஓரிடத்தில் முன்பிருந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடினாலோ, அளவு கூடாமலேயே கை கனத்து மோதிரம் இறுகினாலோ காத்திருக்காமல் அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். அறுவை செய்தவருக்கும் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக வளையல். கண்ணாடி வளையலை இடது கையில் ஏற்ற வேண்டாம்; சோப்பு போட்டுத் திணிக்கும்போது கீறும், உடைந்தால் குத்தும். சம்பிரதாயத்துக்கு வந்தவர்கள் உங்கள் கையைப் பிடித்துப் போட வரும்போது வலது கையை நீட்டி, அடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இடது கை வெறுமையாக இருப்பது மனதுக்கு ஒப்பவில்லை என்றால், மணிக்கட்டில் தாராளமாக மேலும் கீழும் ஓடும் ஒற்றைத் தங்க வளையல் போட்டுக்கொண்டு, இரவு படுக்கும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் மகளுக்கு வளையல் போடும்போது மட்டும் இரண்டு கைகளாலும் போடுங்கள்.