விபத்து, அவசர சிகிச்சைப் படிப்பு: ரத்தம் கண்டால் பயப்படும் பெண் சேரலாமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ உயிரியல் படிக்கும் உங்கள் மகள் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் சேர விரும்புகிறாள். ரத்தத்தைப் பார்த்துத் தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் சில மாதங்களில் பழகிவிடும். சுற்றிலும் ஆட்கள் கூச்சல் போடும்போதும் ஒரு வரிசையை விடாமல் வேலை செய்ய முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பைக் விபத்தில் கால் எலும்பு வெளியே தெரிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். எல்லார் கண்ணும் காலுக்குத்தான் போகும். பயிற்சி பெற்றவர், ரத்தம் பீறிட்டால் அதை மட்டும் முதலில் அழுத்தி நிறுத்துவார். பிறகு கழுத்தை அசைக்காமல் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு நிலை. கடைசியாக உடையை வெட்டி முதுகு வரை பார்த்துவிட்டு உடனே போர்த்திவிடுவார். உடல் குளிர்ந்தால் ரத்தம் எளிதில் உறையாது. நினைவு நிலையை அளக்கும், 15 மதிப்பெண் கொண்ட கிளாஸ்கோ அளவில் 8 அல்லது அதற்குக் கீழ் வந்தால், மருத்துவர் தொண்டை வழியாகச் செயற்கை மூச்சுக்குழாய் போடத் தேவையானதை எடுத்து வைப்பார்.

தவறு அதிகம் நடப்பது பிபி நார்மல் என்று நிம்மதி அடையும் இடத்தில். திடமான இளைஞருக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும் வரை பிபி இறங்காமல் இருக்கலாம். நாடி அதற்கு முன்பே வேகமெடுக்கும், கை கால் சில்லிடும். இடுப்பெலும்பு உடைந்தவருக்கு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டையை வயிற்றோரம் ஏற்றிக் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. தொடையெலும்பு மேலே புடைத்திருக்கும் மட்டத்தில் கட்டினால்தான் பலன். அடிபட்ட நேரத்தைக் குறிக்க மறப்பதும் சின்ன விஷயமல்ல. ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தை 3 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்: முதலில் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். தாமதித்துக் கொடுத்தால் கெடுதலாகலாம்.

படிப்பு 3 ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அங்கே இரவிலும் விபத்து கேஸ்கள் வருமா, மாணவர்களுக்கு கேஷுவாலிட்டி டூட்டி எத்தனை மாதம் என்பது. கேஸ் வராத இடத்தில் கட்டணம் குறைவாக இருந்தாலும் சேர்க்காதீர்கள் என்பேன்.

வேலை 108 ஆம்புலன்ஸ், கேஷுவாலிட்டி, ஐசியு போன்ற இடங்களில் கிடைக்கும். தொடக்கச் சம்பளம் குறைவு, நைட் ஷிப்ட் உண்டு. மருந்து எழுதும் அதிகாரம் இல்லை. டாக்டராக இது குறுக்குவழியும் அல்ல. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குப் பொம்மையின் மார்பை 2 நிமிடம் அழுத்தி முடித்ததும், இன்னொரு முறை செய்ய அவளாகவே கேட்கிறாளா என்று கவனியுங்கள்.