லீவரா, ராட்செட்டா? லோபெட் வண்டிக்கு செயின் பைண்டர் வாங்குமுன்

கேள்வி: சங்ககிரியில் ஒரு லோபெட் டிரெய்லர் ஓட்டுகிறோம் ஐயா. ஏற்றுவது பெரும்பாலும் 20 டன் எக்ஸ்கவேட்டர். நான்கு மூலையிலும் செயின் போட்டு, லீவர் பைண்டரால் (பிடியை மடக்கிச் செயினை இறுக்கும் கருவி) இறுக்குவோம். பிடி மடங்காவிட்டால் பைப் சொருகி நெம்புவோம். போன மாதம் இறக்கும் இடத்தில் பைண்டரைத் திறந்தபோது பிடி தெறித்து டிரைவரின் தாடையில் அடித்துவிட்டது. ராட்செட் பைண்டர் நல்லது என்கிறார்கள், ஆனால் விலை கூடுதல். மாற்றத்தான் வேண்டுமா? எந்த அளவு வாங்குவது?

பதில்: மாற்றத்தான் வேண்டும். உங்கள் டிரைவர் கவனக்குறைவால் அடிபட்டார் என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவி வேலை செய்யும் விதமே அப்படி.

லீவர் பைண்டரின் பிடி நடுக்கோட்டைத் தாண்டி மடங்கும்போதுதான் பூட்டிக்கொள்கிறது. இறுக்கிய விசை எங்கும் போய்விடுவதில்லை, நாணேற்றிய வில்போல செயினுக்குள்ளேயே இருக்கிறது. திறக்கும்போது பிடி நடுக்கோட்டைக் கடந்த அந்த நொடியில் மொத்த விசையும் பிடி வழியாகப் பாயும். வழியில் மெஷின் சற்று நகர்ந்திருந்தால், ஏற்றிய இடத்தில் இருந்ததைவிட இறக்கும் இடத்தில் செயின் கூடுதலாக முறுக்கேறியிருக்கலாம். வெளியே பார்த்தால் அது தெரியாது. இறுக்கும்போது ஒன்றும் ஆகாமல் திறக்கும்போது அடிபடுவது இதனால்தான்.

பைப் இதை இன்னும் மோசமாக்குகிறது. வழக்கமான லீவர் பைண்டர் நம் கைப்பலத்தை ஏறக்குறைய 25 மடங்காக்கும். 40 கிலோ பலத்தில் அழுத்தினால் செயினில் 1,000 கிலோ. பைப் சொருகிப் பிடியின் நீளத்தை இரட்டித்தால் 2,000 கிலோ. அதைத் திறக்க ஒருவர் பிடிக்கு நேரே குனிந்து நிற்கிறார். பிடியில் பைப் போடக்கூடாது என்று பைண்டர் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள்.

ராட்செட் பைண்டரில் இருபுறமும் திருகு. கைப்பலம் 50 மடங்கு வரை பெருகும் என்பதால் பைப்புக்கு அவசியமே இல்லை. முக்கியமாக, தளரும்போது மரை மரையாகத் தளரும். எடை கூடுதல், நேரமும் கூடுதல், திருகுக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வேண்டும். இதெல்லாம் தாங்கக்கூடிய தொல்லைகள்.

இனி அளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் இதைத் தெளிவான கணக்காகச் சொல்வதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 4,536 கிலோவுக்கு மேற்பட்ட கனரக இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு வேண்டும். கட்டுகளின் மொத்தப் பணிச்சுமை (பத்திரமாகத் தாங்கக்கூடிய உச்ச பாரம்) சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. டிரெய்லரிலிருந்து நேராக மெஷினில் போய் மாட்டும் செயினுக்கு, அதன் பணிச்சுமையில் பாதிதான் கணக்கில் சேரும். 20 டன் மெஷினுக்கு 10 டன் வர வேண்டும்.

3/8 அங்குல கிரேடு 70 (கிரேடு என்பது செயின் இரும்பின் பலத் தரம்) செயினின் பணிச்சுமை சுமார் 2,990 கிலோ. நான்கு போட்டாலும் கணக்கில் 6 டன்னைத் தொடாது. 1/2 அங்குல கிரேடு 70 செயின் 5,125 கிலோ. நான்குக்கு 10 டன்னைச் சற்றே தாண்டும். அப்படியானால் 1/2 அங்குலச் செயின்தான் உங்களுக்கு. ஆனால் கடையில் "1/2 அங்குலச் செயினுக்கு ஆகும்" என்று தரும் 3/8-1/2 பைண்டர்கள் பலவற்றில் 9,200 பவுண்டு, அதாவது சுமார் 4,170 கிலோதான் பொறித்திருக்கும். அதைப் போட்டால் நல்ல செயினின் பலமும் 4,170க்கு இறங்கி, மொத்தம் சுமார் 8.3 டன்னில் நின்றுவிடும். செயின் உள்ளே பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், பைண்டரின் உடலில் பொறித்த பணிச்சுமையைப் படியுங்கள். செயினுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். எதுவும் பொறிக்காத பைண்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டிரெய்லரில் செயின் மாட்டும் வளையமும் இதே விசையைத் தாங்க வேண்டும்.

ஐரோப்பிய முறைச் செயின் கிடைத்தால் அதன் தகட்டில் கட்டுத்திறன் வேறு கணக்கில் இருக்கும். 8 மி.மீ. கிரேடு 8 செயின் தூக்குவதற்கு 2 டன், கட்டுவதற்கு 4,000 டெகாநியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கிலும் இந்த எண்ணை அப்படியே போடக்கூடாது.

செயின் பிளாக்கை வைத்து இறுக்கிவிட்டு அப்படியே ஓட்டுபவர்களும் உண்டு. அது தூக்குவதற்குச் செய்த கருவி; ஓடும் வண்டியின் குலுக்கலுக்கு அதை நம்பாதீர்கள். கண்ணியின் தடிமன் 10 சதவீதம் தேய்ந்திருந்தாலோ, செயின் 3 சதவீதம் நீண்டிருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். அறுந்த கண்ணிக்கு வெல்டிங் வைப்பதும் போல்ட் போட்டு இணைப்பதும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் அந்த இரும்பின் பதமே போய்விடும்.

எக்ஸ்கவேட்டரின் கையான பூம், பக்கெட் இரண்டையும் டிரெய்லரின் டெக்கோடு (மேல்தளத்தோடு) இறக்கி, அவற்றுக்குத் தனியாக ஒரு செயின் போடுங்கள். இரும்பு டெக்கின் மேல் இரும்பு டிராக் வழுக்கும். இடையில் ரப்பர் பாயோ பலகையோ இருந்தால் செயினின் பாரம் குறையும். இறுக்கியபின் ராட்செட்டின் பிடியை மடக்கிக் கம்பியால் கட்டுங்கள். புறப்பட்டு 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது.

நான்கு ராட்செட்டும் வந்துசேரும்வரை லீவரைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், டெக்கில் ஏறாமல் தரையில் நின்று, பிடி வரும் பாதைக்கு விலகி நின்று திறக்கச் சொல்லுங்கள். பிடியை விரல் மடக்கிப் பற்றாமல், விரித்த உள்ளங்கையால் அடியிலிருந்து மேலே தள்ள வேண்டும். எதிரில் கிளீனர் நிற்கக்கூடாது. பைப்பை இன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள்.