அமலையும் பச்சைத் தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

ஆற்றிலும் குளத்திலும் போய்ச் சேரும் உரச்சத்து பற்றியும், அதில் வளரும் அமலை (ஆகாயத்தாமரை), பாசி பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் நடுகிறேன். ஏக்கருக்கு 2 மூட்டை யூரியா போடுகிறேன். 'உன் யூரியாதாம்ல ஆத்துல அமலையா மொளைக்கு' என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். கூடுதலாகப் போடுகிறேனா? (வாசகர், சேரன்மகாதேவி)

அளவில் தப்பில்லை. குறுகிய கால நெல்லுக்கான பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து 120:40:40 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 48 கிலோ ஆகிறது. மணிச்சத்துக்காக 35 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) போட்டால் அதிலேயே 6 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 42 கிலோவுக்கு 91 கிலோ யூரியா வேண்டும். 45 கிலோ மூட்டையில் அது இரண்டு.

ஆனால் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். மற்றதில் ஒரு பங்கு காற்றில் போகிறது, ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது, ஒரு பங்கு வாமடை (வரப்பிலுள்ள தண்ணீர்த் திறப்பு) வழியாக வெளியேறுகிறது. உங்கள் கையில் இருப்பது இந்தக் கடைசிப் பங்கு.

யூரியா தண்ணீரில் உடனே கரைந்துவிடும். அது அம்மோனியமாக மாறி மண்ணைப் பிடித்துக்கொள்ள நாலைந்து நாள் வேண்டும். அதற்குள் மடையைத் திறந்தால் காசு தண்ணீரோடு போகிறது. ஆகவே மேலுரம் போடும் அன்று காலையில் வயலில் தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வற்றவிடுங்கள். உள்மடை, வெளிமடை இரண்டையும் சேறு வைத்து அடையுங்கள். பிறகு யூரியாவை வீசுங்கள். மறுநாள் இரண்டு விரற்கடை தண்ணீர் கட்டினால் போதும். ஒரு வாரத்துக்கு வெளிமடையைத் தொடக்கூடாது. மழை இறங்குகிற மாதிரி இருந்தால் அன்று உரமே வேண்டாம்.

மடையை அடைத்தும் தண்ணீர் நிற்கவில்லையா? வரப்பின் உள்பக்கம் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சின்னதாகச் சுழித்து இறங்கினால் அது நண்டு வளை. மேலாகச் சேறு பூசினால் இரண்டு நாளில் திறந்துகொள்ளும். மண்வெட்டியால் வளையின் கடைசிவரை வெட்டி, களிமண் திணித்து மிதிக்க வேண்டும். வயலுக்கு வயல் பாயும் இடங்களில் மேல் வயல்காரர் போட்ட உரம் கீழ் வயலுக்கும், அங்கிருந்து வடிகாலுக்கும் போவதற்கு இந்த வளைகளும் ஒரு காரணம்.

நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை (நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) வைத்துப் பாருங்கள். பத்துக் குத்தில் நன்றாக விரிந்த மேல் இலையை, உங்கள் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். பத்தில் ஆறு இலை அட்டையின் 4-ஆம் நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போடுங்கள். இல்லையென்றால் அந்த வாரம் சும்மா இருங்கள்.

யூரியாவை விட நாங்கள் கவலைப்படுவது டி.ஏ.பி.யைத்தான். நன்னீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ வரை ஈரப்பாசியை வளர்க்கும் என்பது ஏரி ஆய்வாளர்களின் பழைய கணக்கு. பாஸ்பரஸ் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த தண்ணீரில் அதிகம் போகாது, கலங்கலில்தான் போகும். தொழி அடித்து (சேற்றுழவு செய்து), டி.ஏ.பி. வீசி, நடுவதற்காக அன்றே கலங்கல் தண்ணீரை வடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தொழி அடித்து ஒரு ராத்திரி மண்டியை அடங்கவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டு, அதன்பிறகு டி.ஏ.பி. போட்டு மட்டப்பலகை இழுங்கள்.

கேள்வி: அணைக்கட்டில் அமலையை இயந்திரம் வைத்து வாருகிறார்கள். மூன்று மாதத்தில் திரும்பவும் மூடிவிடுகிறது. ஏன்? (வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

வாரியதை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். கரையிலேயே குவித்திருப்பார்கள். அமலை என்கிற ஆகாயத்தாமரையில் 95 பங்கு தண்ணீர். ஒரு டன் பச்சைச் செடியில் ஏறக்குறைய ஒரு கிலோ தழைச்சத்து தேறும். கரையில் அழுகினால் அந்தச் சத்து முதல் மழையிலேயே ஆற்றுக்குத் திரும்பிவிடும். மருந்தடித்துக் கொல்வது அதைவிட மோசம். செடி மூழ்கி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

சத்து மிகுந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி இது. விதையோ சேற்றில் பதினைந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன்பே வார வேண்டும். கரைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். அங்கே மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, ஓரடிக்கு ஒரு அடுக்காகச் சாணிக் கரைசல் தெளித்துக் குவித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் மக்கிவிடும். ஆலைக்கழிவு கலக்கும் இடத்து அமலை மட்டும் இதற்கு வேண்டாம். அது கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

கேள்வி: மழைமூட்டமாக இருந்த மறுநாள் விடிகாலையில் எங்கள் ஊர்க் குளத்தில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். (வாசகர், பாளையங்கோட்டை)

நீங்கள் எழுதியிருக்கும் நேரமே பதிலைச் சொல்கிறது. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சுவிடும். வெயில் இல்லாத நாளில் சேமிப்பு குறைவு. விடியும்போது கையிருப்பு தீர்ந்துவிடும். மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நல்லது. 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன் தாங்காது. பெரிய மீன்கள் முதலில் சாகும், வாய் திறந்தே இருக்கும், மிச்சமுள்ளவை மடைப்பக்கம் மேலே வந்து காற்றை விழுங்கும். விஷமென்றால் நேரம் பார்க்காது. சிறு மீன், நத்தை எல்லாம் சேர்ந்தே போகும்.

அடுத்த முறை மீன் மேலே வந்து வாய் பிளப்பதைக் கண்டால், டீசல் பம்பு வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து சிதறிக் கொட்டவிடுங்கள். தீவனத்தையும் சாணியையும் அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் 80 மில்லிகிராம் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. காய்ச்சிக் குடித்தால் போதுமா? (வாசகி, களக்காடு)

போதாது. காய்ச்சினால் தண்ணீர் சுண்டி நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் மாவு கரைக்கவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும். ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டைக் குறைக்கும், துணியில் வடிகட்டுவது குறைக்காது. நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று அறிய, வாழைக்கு வைக்கும் உரத்தோடு, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: குளத்துக்கு வந்த சாக்கடையை மூன்று வருஷம் முன்னாடியே திருப்பி விட்டாச்சு. தண்ணி இன்னும் பச்சையாவே கிடக்கு அண்ணாச்சி. (வாசகர், மேலப்பாளையம்)

பழைய பாக்கி அடிச்சேற்றில் இருக்கிறது தம்பி. ஒரு ஆள் வருஷத்துக்குச் சுமார் அரைக் கிலோ பாஸ்பரஸைக் கழிக்கிறார். ஆயிரம் பேர் சாக்கடை வந்த குளத்தில் எவ்வளவு தங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது சேற்றிலுள்ள இரும்போடு ஒட்டிக் கிடக்கும். கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிடி தளர்ந்து மேலே வரும், பாசிக்கு மறுபடி சாப்பாடு.

குளம் வற்றும்போது, மேலாக இருக்கும் கறுப்பு வண்டலை எடுத்தால்தான் தீரும். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி விவசாயிகள் எடுக்கலாம். அடியிலுள்ள கெட்டிக் களியைத் தோண்டிவிடாதீர்கள், தண்ணீர் நிற்காது. சாக்கடை வந்த குளம் என்பதால், வண்டலை வயலில் கொட்டும் முன் ஒரு கிலோ மாதிரி எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதில் வருகிற மணிச்சத்து அளவைப் பார்த்து, அந்தப் பூவுக்கு (போகத்துக்கு) டி.ஏ.பி.யைக் குறைத்துக்கொள்ளலாம்.