சுமைதாங்கி – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 41 வயது. காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறேன். ஆறு வருடமாக முதுகும் இடது தோள்பட்டையும் விடாமல் வலிக்கின்றன. டாக்டர் ஓய்வெடு என்கிறார். ஓய்வெடுத்தால் கூலி இல்லை. தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். தைலம், இடுப்பு பெல்ட், யோகா, இதில் எது உதவும்? ‘குனியத் தெரியாதவனுக்கு வலிக்கத்தான் செய்யும்’ என்கிறார் மேஸ்திரி. இந்த வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

என் அப்பாவும் மூட்டை தூக்கியவர். அவருடைய பின்கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். ராத்திரியில் அம்மா நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுப்பாள். அந்தக் காய்ப்பின்மேல் வைத்தால் மட்டும் அவருக்குச் சூடே தெரியாது.

முதலில் திட்டிவிடுகிறேன். தினமும் மாத்திரையா? ஆறு வருடமாகவா? டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியை மறைக்கும், அவ்வளவுதான். தொடர்ந்து விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் வியர்த்துக்கொட்ட, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் உழைக்கிறவனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். நேரமில்லை என்று எனக்குப் பதில் எழுதக்கூடாது.

தைலம் இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். யோகாவும் சரி, யாரிடமாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். பெல்ட் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் கூடுதலாக ஒரு மூட்டை தூக்காதீர்கள்.

மேஸ்திரி சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. அப்பா மண்டி வேலைக்கு வருவதற்கு முன் எங்கள் ஊரிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தலைச்சுமையாகவே காய் கொண்டுபோனவர். வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை வைப்பார்கள். நடக்கிற ஆளின் தோள் உயரம் இருக்கும். கை கொடுக்க ஆளே வேண்டாம். கல்லோடு ஒட்டி நின்று தலைச்சுமையை அப்படியே மேலே தள்ளிவிடலாம். மூச்சு வாங்கிவிட்டு, குனியாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சும்மாட்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு அப்பா அந்தக் கல்லை ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்புவார். ரோட்டை அகலப்படுத்தியபோது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்தது மேஸ்திரிக்குத் தெரியவில்லை. தரையிலிருந்து தூக்குவதுதான் முதுகை முறிக்கிறது. அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991ல் திருத்திய கணக்கில், எல்லாம் சரியாக அமைந்தாலே ஒருவர் தூக்கலாம் என்பது 23 கிலோதான். அதுவும் சுமை 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பை ஒட்டி இருந்தால். தரைக்கு இறங்க இறங்க அந்த அளவும் குறைகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே ஆணுக்கு 55 கிலோதான் உச்சம் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் பல நாடுகளில் சிமெண்ட்டை 25 கிலோ பையில் விற்கிறார்கள். இங்கே 50 கிலோ. ஒரு மூட்டையில் எவ்வளவு அடைப்பது, அதை எங்கே இறக்கி வைப்பது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்கிறார்கள். வலி மட்டும் உங்கள் தலையில். உங்களுக்குக் குனியத் தெரியவில்லையாம்! ஒரு நாளைக்கு இருநூறு தடவை எதற்குக் குனிய வேண்டும்?

லாரியிலிருந்து தரையில் இறக்கி, அங்கிருந்து மறுபடி தூக்கித்தானே கடைக்குக் கொண்டுபோகிறீர்கள்? நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடையும், தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டியும் இருந்தால் பாதிக் குனிதல் மிச்சம். உங்கள் சங்கத்தில் போனஸ் பேசுகிற அன்றைக்கு இதையும் பேசுங்கள். தனியாகக் கேட்டால் மேஸ்திரி உங்களைத்தான் நிறுத்துவார். அதனால் பத்துப் பேராகக் கேளுங்கள்.

கிரியேட்டினின் எவ்வளவு என்று வந்ததும் எழுதுங்கள். அப்புறம், உங்கள் மண்டியின் திண்ணை எத்தனை அடி உயரம்? டேப் வைத்து அளந்து அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்